எந்தப் புனேயின் பாதி?

2020 ஆகஸ்ட் மாத நடுவில் புனே நகரத்தைப் பற்றிய ஒரு செய்தி நாடு முழுவதும் பரவியது. புனே மக்களில் பாதிப் பேருக்குக் கொரோனா வந்துபோய்விட்டதாம். தொலைக்காட்சிகள் அடிவரியில் ஓட்டின, வாட்ஸ்அப் குழுக்கள் பகிர்ந்தன. அப்போது புனேயின் மக்கள்தொகை ஏறத்தாழ 40 லட்சம் என்று சொல்லப்பட்டது. அப்படியானால் 20 லட்சம் பேருக்கு நோய் வந்து, பெரும்பாலோருக்குத் தெரியாமலே போயிருக்கிறது. இனிப் பயமில்லை என்று ஆறுதல் அடைந்தவர்களும் உண்டு, நோய் இவ்வளவு தூரம் பரவிவிட்டதா என்று அரண்டுபோனவர்களும் உண்டு.

செய்திக்கு அடிப்படையான ஆய்வு உண்மையானது, நேர்மையாகச் செய்யப்பட்டது. சாவித்ரிபாய் புலே புனே பல்கலைக்கழகமும், ஐசர் என்று அழைக்கப்படும் புனே இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனமும், மாநகராட்சியின் துணையோடு ஜூலை 20 முதல் ஆகஸ்ட் 5 வரை அதை நடத்தின. நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் அதில் பங்கேற்றது. 18 வயதுக்கு மேற்பட்ட 1,664 பேரிடம் ரத்தம் எடுத்து, கொரோனா கிருமிக்கு எதிரான எதிர்ப்புப் புரதம் இருக்கிறதா என்று சோதித்தார்கள். 51.5 சதவீதம் பேரிடம் இருந்தது. எண்ணில் பிழை இல்லை. அது யாருடைய எண் என்பதில்தான் செய்தி சறுக்கியது.

அந்த 1,664 பேரும் புனே முழுவதிலிருந்தும் வந்தவர்கள் அல்லர். அப்போது மாநகராட்சியில் 41 பிரபாக்குகள், அதாவது வார்டுத் தொகுதிகள், இருந்தன. அவற்றில் ஐந்தில் மட்டுமே ஆய்வு நடந்தது: எரவாடா, கஸ்பா பேட்டை–சோமவார் பேட்டை, ராஸ்தா பேட்டை–ரவிவார் பேட்டை, லோகியாநகர்–காசேவாடி, நவி பேட்டை–பர்வதி. நோய் அதிகமாகப் பதிவான இடங்கள் என்பதாலேயே இந்த ஐந்தையும் எடுத்தார்கள். அவற்றின் மொத்த மக்கள்தொகை நான்கு லட்சத்துக்கும் குறைவு. ஆகவே 51.5 சதவீதம் என்பது அந்த நான்கு லட்சத்துக்கும் குறைவான மக்களில் வயதுவந்தோரைப் பற்றிய கணிப்பு. கோத்ரூடில் இருப்பவரைப் பற்றியோ, கராடியில் இருப்பவரைப் பற்றியோ அது ஒன்றும் சொல்லவில்லை.

சமூக ஆய்வில் முதல் பாடம் இதுதான். யாரைப் பற்றி நமக்குத் தெரிய வேண்டுமோ அவர்கள் எல்லோரையும் சேர்த்து முழுமைத்தொகுதி என்கிறோம். அவர்களிலிருந்து நாம் உண்மையில் போய்ப் பார்க்கும் சிலர் மாதிரி. முழுமைத்தொகுதி என்றவுடன் ஒரு நாட்டின் மக்கள்தொகை என்று நினைத்துவிடக் கூடாது. ஐந்து பிரபாக்குகளின் வயதுவந்தோர் ஒரு முழுமைத்தொகுதி. தஞ்சாவூர் மாவட்டத்தின் குறுவை வயல்கள் ஒரு முழுமைத்தொகுதி. திருப்பூரில் கடந்த ஆண்டு மூடப்பட்ட பனியன் கம்பெனிகளும் ஒன்று. ஆய்வாளர் அதன் எல்லையை வரைகிறார். நாளிதழ் அந்த எல்லையை அழித்துவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டால், ஐந்து பிரபாக்கு ஒரு மாநகரமாக வீங்கிவிடும்.

ஆய்வுக் குழு தன் எல்லையைத் தெளிவாகவே சொல்லியிருந்தது. ஐந்து பிரபாக்குகளுக்குள்ளேயே எவ்வளவு வேறுபாடு என்பதையும் காட்டியது. கஸ்பா பேட்டை–சோமவார் பேட்டையில் 36.1 சதவீதம், லோகியாநகர்–காசேவாடியில் 65.4 சதவீதம். இந்த இரண்டுக்கும் நடுவே இருப்பது சில கிலோமீட்டர் தூரம்தான். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மூவரில் ஒருவருக்கு நோய் வந்துபோயிருந்தது, குடிசைகளில் பத்தில் ஆறு பேருக்கு. சொந்தக் கழிப்பறை உள்ளவர்களிடையே 45.3 சதவீதம், பொதுக் கழிப்பறையைப் பயன்படுத்துவோரிடையே 62.3 சதவீதம். இந்தக் கடைசி இரண்டு எண்களும்தான், என் கணிப்பில், அந்த ஆய்வின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு. காலையில் பத்துக் குடும்பங்கள் ஒரே கதவின் முன் வரிசையில் நிற்கும் ஊரில் தனித்திரு, விலகியிரு என்று சொன்னதன் பொருள் என்ன என்பதை அவை சொல்கின்றன. தலைப்புச் செய்தியில் அவற்றுக்கு இடமில்லாமல் போனது பெரிய இழப்பு.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நமக்கெல்லாம் தெரியும். அது பானைக்குப் பொருந்துகிறது. ஒரே அரிசி, ஒரே தண்ணீர், ஒரே தீ. நகரம் அப்படி வேகவில்லை. லோகியாநகரில் ஒருவரைப் பார்த்துவிட்டுக் கஸ்பா பேட்டையின் பதத்தைச் சொல்ல முடியாது. மக்கள் இப்படிக் கூறுகூறாக வேறுபட்டிருக்கும்போது அவர்களை முதலில் அடுக்குகளாகப் பிரித்து, ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் தனித்தனியே மாதிரி எடுப்பது நல்ல வழி. குடிசைப் பகுதி ஓர் அடுக்கு, அடுக்குமாடி இன்னொன்று. பிறகு ஒவ்வோர் அடுக்கிலும் உண்மையில் எத்தனை பேர் வாழ்கிறார்களோ அந்த விகிதப்படி எடை கொடுத்துக் கூட்ட வேண்டும். எடை கொடுக்காமல் கூட்டினால், அதிகம் பேரைப் பார்த்த அடுக்கு மொத்த விடையையும் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும்.

இனி, எல்லோருக்கும் முதலில் எழும் சந்தேகம். நான்கு லட்சம் பேரைப் பற்றிச் சொல்ல 1,664 பேர் போதுமா? இருநூறு பேருக்கு ஒருவர்கூட இல்லையே!

போதும். ஏன் போதும் என்பதுதான் இந்தத் துறையிலேயே மனம் ஏற்க மறுக்கும் விஷயம். முழுமைத்தொகுதி மாதிரியைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்கும்வரை, மாதிரியின் துல்லியம் அது எவ்வளவு பெரியது என்பதைப் பொறுத்ததே அல்ல. மாதிரியில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. எல்லோருக்கும் சம வாய்ப்புக் கொடுத்து, குலுக்கல் முறையில் 1,664 பேரை எடுத்தால், கிடைக்கும் விடை உண்மையிலிருந்து இரண்டரை சதவீதப் புள்ளிக்கு மேல் விலகாது என்று நூற்றுக்கு 95 முறை நம்பலாம். அந்த 1,664 பேர் நான்கு லட்சத்திலிருந்து வந்தாலும் இதே கணக்கு, 140 கோடியிலிருந்து வந்தாலும் இதே கணக்கு. பிழை மாதிரியின் அளவுக்கு நேராகக் குறைவதில்லை, அதன் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் குறைகிறது. பிழையைப் பாதியாக்க வேண்டுமானால் மாதிரியை நான்கு மடங்காக்க வேண்டும்: 1,664 பேருக்குப் பதிலாக 6,656 பேர். ஓர் எல்லைக்குப் பிறகு ஆட்களைச் சேர்த்துக்கொண்டே போவதில் செலவுதான் ஏறும். அறிவு அந்த அளவுக்கு ஏறாது.

அதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. 1,664 பேரை ஐந்து பிரபாக்குகளுக்குப் பங்கிட்டால் தலா 330 பேர் அளவில்தான் வரும். அப்போது ஒவ்வொரு பிரபாக்கின் எண்ணிலும் பிழை ஐந்தரைப் புள்ளி வரை போகலாம். 36க்கும் 65க்கும் உள்ள வித்தியாசம் அந்தப் பிழையை எளிதில் தாண்டி நிற்கிறது, அதை நம்பலாம். ஒரு பிரபாக்கில் 56, பக்கத்தில் 57 என்று வந்திருந்தால் அந்த ஒரு புள்ளிக்காக வாதாடுவது வீண். ஒரே ஆய்வுக்குள் சில எண்கள் திடமானவை, சில எண்கள் தளர்வானவை. இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவரை எந்தத் தலைப்புச் செய்தியும் ஏமாற்ற முடியாது.

புனே ஆய்வு முடிந்த சில நாட்களில், 2020 ஆகஸ்ட் 18 முதல் செப்டம்பர் 20 வரை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நாடு தழுவிய தன் இரண்டாம் சுற்று ரத்த ஆய்வை நடத்தியது. சென்னையில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் அதில் முன்நின்றது. 70 மாவட்டங்களில் 29,082 பேரைச் சோதித்ததில் 6.6 சதவீதம் பேரிடம் எதிர்ப்புப் புரதம் இருந்தது. அதாவது பதினைந்தில் ஒருவர். புனேயில் இரண்டில் ஒருவர், இந்தியாவில் பதினைந்தில் ஒருவர். இரண்டில் எது பொய் என்று அப்போது சிலர் கேட்டார்கள். இரண்டும் மெய். நோய் குவிந்த ஐந்து பிரபாக்குகளின் வயதுவந்தோர் ஒரு முழுமைத்தொகுதி, கிராமமும் நகரமுமாகப் பத்து வயதுக்கு மேற்பட்ட இந்தியர் எல்லோரும் இன்னொரு முழுமைத்தொகுதி. அந்தத் தேசிய ஆய்வுக்குள்ளும் கிராமங்களில் 4.4 சதவீதம், நகரக் குடிசைப் பகுதிகளில் 15.6 சதவீதம் என்று இடைவெளி இருந்தது. அதே ஆண்டு அக்டோபர், நவம்பரில் தமிழ்நாட்டில் எடுத்த கணக்கு ஏறத்தாழ 32 சதவீதம் என்றது. நீலகிரியில் 11, பெரம்பலூரில் சுமார் பாதி.

140 கோடிப் பேர் உள்ள நாட்டில் குலுக்கல் போடுவது எப்படி? எல்லோர் பெயரையும் எழுதிப்போட ஒரு குடம் இல்லை. அதனால் படிப்படியாக இறங்குகிறார்கள். கவுன்சிலின் முதல் சுற்றில், 2020 மே, ஜூன் மாதங்களில், 70 மாவட்டங்கள். ஒவ்வொரு மாவட்டத்திலும் பத்துக் கிராமங்கள் அல்லது வார்டுகள். ஒவ்வொன்றிலும் 40 பேர், வீட்டுக்கு ஒருவர் வீதம். பெருக்கினால் 28,000. இதைக் கொத்து முறை என்கிறார்கள். ஒரு ஜீப்பில் போய் ஒரே ஊரில் 40 பேரைப் பார்த்துவிட்டு வரலாம், 40 ஊர்களுக்கு அலைய வேண்டாம். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. ஒரே தெருவில் இருப்பவர்கள் ஒரே கடைக்குப் போகிறார்கள், ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறார்கள், ஒரே கல்யாணத்தில் சாப்பிடுகிறார்கள். ஒருவருக்கு நோய் வந்த தெருவில் அடுத்தவருக்கும் வந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆகவே ஒரு தெருவின் 40 பேர், நாற்பது தெருக்களின் 40 பேர் அளவுக்குப் புதிய செய்தி தருவதில்லை. மேலே நான் சொன்ன இரண்டரைப் புள்ளிக் கணக்கும் இதனால் நடைமுறையில் கொஞ்சம் விரியும்.

புனேக்கு இந்தக் கேள்விகள் புதியவை அல்ல. இந்தியாவில் மக்களை எப்படி எண்ணுவது, யாரை வைத்து யாரைச் சொல்வது என்ற விவாதம் இந்த நகரத்தில் நூறு ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவருகிறது.

புனே வேளாண் கல்லூரியின் முதல்வராக இருந்த ஹெரால்ட் மான் என்ற ஆங்கிலேயர், நகருக்கு அருகில் இருந்த பிம்ப்ளே சவுதாகர் என்ற கிராமத்தை வீடு வீடாக, வயல் வயலாக ஆராய்ந்து 1917இல் ஒரு நூல் வெளியிட்டார். எத்தனை ஏக்கர், எத்தனை துண்டு, எவ்வளவு கடன், எவ்வளவு வருமானம் என்று அனைத்தும் அதில் உண்டு. பெரும்பாலான குடும்பங்களால் நிலத்தை மட்டும் நம்பிப் பிழைக்க முடியவில்லை என்பதே அவர் கண்ட உண்மை. ஆனால் ஒரு கேள்வி எழுந்தது. பிம்ப்ளே சவுதாகர் புனேக்கும் கிர்க்கிக்கும் பக்கத்தில் இருக்கிறது; நகரத்தில் கூலி வேலை கிடைக்கிறது. அப்படிப்பட்ட ஊரை வைத்துத் தக்காணத்துக் கிராமங்களைப் பற்றிப் பேசலாமா? மான் அதைப் பொருட்படுத்தினார். நகரத்தின் நிழல் படாத ஜாதேகாவ் புத்ருக் என்ற வறண்ட ஊரை, கனிட்கர் என்ற சக ஆய்வாளருடன் சேர்ந்து ஆராய்ந்து 1921இல் இரண்டாம் நூலைத் தந்தார். தன் மாதிரி எதைக் காட்டாது என்று தானே கேட்டுக்கொண்டு, விடை தேடி அடுத்த ஊருக்குப் போன அந்த மனப்பான்மையை நான் மிகவும் மதிக்கிறேன். பவனா நதிக்கரையில் இருந்த பிம்ப்ளே சவுதாகர் இன்று பிம்ப்ரி–சிஞ்ச்வட் மாநகராட்சிக்குள் தகவல் தொழில்நுட்பத் துறையினர் வாழும் அடுக்குமாடிகளின் வரிசை.

அதே காலத்தில் சென்னையிலும் இப்படி ஒரு முயற்சி நடந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியரான கில்பர்ட் ஸ்லேட்டர், விடுமுறைக்கு ஊருக்குப் போகும் மாணவர்களிடம் அவரவர் ஊரை ஆராய்ந்து எழுதி வரச் சொன்னார். இருவேல்பட்டு, கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, தூசி, வடமலைபுரம் ஆகிய ஊர்கள் அப்படித்தான் 1918இல் ஒரு நூலுக்குள் வந்தன. அரிய ஆவணம் அது. இருவேல்பட்டுக்குப் பின்வந்த ஆய்வாளர்கள் பலமுறை திரும்பிப் போயிருக்கிறார்கள். ஓர் ஊரின் நூறாண்டு மாற்றம் நம் கையில் இருக்கிறது. ஆனால் அந்த ஊர்களைத் தேர்ந்தது எது? 1916, 1917 வாக்கில் ஒரு பிள்ளையைச் சென்னைக்கு அனுப்பிக் கல்லூரியில் படிக்கவைக்கக் கூடிய குடும்பம் அங்கே இருந்தது என்ற உண்மை. அப்படி ஒரு குடும்பமும் இல்லாத ஊர், எவ்வளவு ஏழ்மையில் இருந்தாலும், நூலுக்குள் வர வழியே இல்லை. கைக்கு எட்டியதை எடுக்கும் மாதிரி எல்லாவற்றிலும் இந்தக் குறை உண்டு. இன்று இணையத்தில் படிவம் அனுப்பி நண்பர்களை நிரப்பச் சொல்லும் முனைவர் பட்ட ஆய்வுகளிலும் அதே குறைதான், எட்டும் வட்டம் மட்டும்தான் மாறியிருக்கிறது. ஓர் ஊரை ஆழ்ந்து அறிய இந்த முறை நல்லது. மாநிலத்தின் சதவீதத்தைச் சொல்ல இது உதவாது.

1930இல் புனேயில் கோகலே அரசியல் பொருளாதார நிறுவனம் தொடங்கியது. அதன் முதல் இயக்குநர் டி.ஆர். காட்கில். அவர் 1930களில் புனே நகரத்தையே ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். அந்தச் சமூகப் பொருளாதார ஆய்வின் முதல் பாகம் 1945இலும் இரண்டாம் பாகம் 1952இலும் வந்தன. 1954இல் அதே நகரத்தை நிறுவனம் மறுபடி ஆராய்ந்தது. இதற்கிடையில் விடுதலை பெற்ற நாட்டுக்குத் தன் வருமானம் எவ்வளவு என்றே தெரியாத நிலை. 1949இல் அமைந்த தேசிய வருமானக் குழுவில் புள்ளியியல் அறிஞர் மகாலனோபிஸ் தலைவர், காட்கிலும் பொருளாதார அறிஞர் வி.கே.ஆர்.வி. ராவும் உறுப்பினர்கள். அங்கிருந்து பிறந்ததுதான் தேசிய மாதிரி ஆய்வு. முதல் சுற்று 1950 அக்டோபரில் தொடங்கி 1951 மார்ச் வரை நடந்தது. ஐந்தரை லட்சத்துக்கு மேற்பட்ட கிராமங்களிலிருந்து 1,833 கிராமங்களை எடுத்தார்கள்.

இந்த 1,833இல் ஒரு சுவையான பங்கீடு இருக்கிறது. 1,189 கிராமங்களில் கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் தயாரித்த வினாப்பட்டியல். மீதி 644இல் புனேயின் கோகலே நிறுவனம் தயாரித்த வினாப்பட்டியல். புனேப் பட்டியலின் முடிவுகளைக் கோகலே நிறுவனத்தின் வி.எம். தாண்டேகர் தனி அறிக்கையாக எழுதி 1953இல் வெளியிட்டார். ஒரு நாடு தன் மக்களை முதல்முறையாக நாடு தழுவிய மாதிரி எடுத்துக் கேள்வி கேட்கத் தொடங்கிய அன்றே, கேள்வியை எப்படிக் கேட்பது என்பதில் இரண்டு நகரங்களுக்கு இரண்டு கருத்து இருந்தது, இரண்டுக்கும் இடம் கொடுத்தார்கள் என்பது எனக்கு நிறைவு தரும் செய்தி. மாதிரியைச் சரியாக எடுத்துவிட்டால் வேலை முடிந்துவிடாது. போன வாரம் எவ்வளவு எண்ணெய் வாங்கினீர்கள் என்பதும், போன மாதம் எவ்வளவு வாங்கினீர்கள் என்பதும் ஒரே குடும்பத்திடம் இரண்டு வெவ்வேறு விடைகளைப் பெறும். மாதக் கணக்கில் சின்னச் சின்னச் செலவுகள் மறந்துபோகும். 1999–2000இல் நடந்த 55ஆம் சுற்றில் உணவுச் செலவை ஏழு நாளைக்கும் முப்பது நாளைக்கும் ஒரே குடும்பத்திடம் அடுத்தடுத்துக் கேட்டார்கள். ஒரு விடை மற்றொன்றைப் பாதித்தது என்ற ஐயம் எழுந்தது. 1993–94இல் 36 சதவீதமாக இருந்த வறுமை 26 சதவீதமாக இறங்கிவிட்டது என்ற அறிவிப்பைப் பொருளாதார அறிஞர்கள் ஆண்டுக்கணக்கில் விவாதித்தார்கள். மாதிரி அளவு சிறியது என்பது அந்த விவாதத்தில் யாருடைய புகாரும் அல்ல.

மாதிரியின் அளவைப் பெருக்கினாலும் போகாத பிழை உண்டு என்பதைக் கண்கூடாகக் காட்டியவர் புனேயின் ஃபெர்குசன் கல்லூரியில் படித்தவர்: பி.வி. சுகாத்மே. சாதாரா மாவட்டத்தில் 1911இல் பிறந்தவர். லண்டனில், மாதிரி எடுக்கும் கலையை 1934இல் வந்த தன் கட்டுரையால் அறிவியலாக்கிய நெய்மனிடம் பயின்றார். ஊருக்குத் திரும்பி, இந்தியாவில் விளைச்சலைக் கணக்கிடும் முறையைச் சீரமைத்தார். வயல் முழுவதையும் அறுத்து எடைபோட முடியாது; குலுக்கல் முறையில் ஓரிடத்தைத் தேர்ந்து ஒரு சிறு துண்டை மட்டும் அறுத்து எடைபோட வேண்டும். அந்தத் துண்டு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதில்தான் அவருக்கும் மகாலனோபிஸுக்கும் கருத்து வேறுபாடு. சிறிய துண்டுகள் போதும், நிறைய எடுக்கலாம் என்பது மகாலனோபிஸ் பக்கம். துண்டு சிறுத்தால் விளைச்சல் கூடிக் காட்டுகிறது என்பது சுகாத்மே பக்கம். 1946இல் நேச்சர் இதழில் அதை எழுதினார்.

ஏன் கூடும்? வயலில் குனிந்து பார்த்தால் புரியும். கயிறு கட்டி அளந்த எல்லைக்கோடு ஒரு நெற்குத்தின் நடுவே போகிறது. குத்தின் வேர் வெளியே, கதிர் உள்ளே சாய்ந்திருக்கிறது. அதை அறுப்பதா, விடுவதா? அறுப்பவர் கை பெரும்பாலும் உள்ளே சேர்த்துக்கொள்ளவே போகும். ஒவ்வோர் எல்லைக் குத்திலும் இந்தச் சிறு தாராளம். பக்கம் ஒரு மீட்டர் உள்ள சதுரத்தில், ஒரு சதுர மீட்டர் பரப்புக்கு எல்லை நான்கு மீட்டர். பக்கம் ஐந்து மீட்டர் உள்ள சதுரத்தில், ஒரு சதுர மீட்டருக்கு எல்லை 80 சென்டிமீட்டர்தான். துண்டு சிறியதானால் எல்லையின் பங்கு பெரியது, பிழையின் பங்கும் பெரியது. அப்படிப்பட்ட துண்டுகளை லட்சக்கணக்கில் எடுத்தாலும் எல்லாமே ஒரே திசையில் பொய் சொல்லும். சராசரி எடுத்தால் பொய் சுருங்காது, உறுதிப்படும். குலுக்கலால் வரும் பிழை இரண்டு பக்கமும் ஆடும், ஆட்களைச் சேர்க்கச் சேர்க்க அடங்கும். ஒரு பக்கமாகச் சாயும் பிழை அடங்காது. இன்று நம் டெல்டா மாவட்டங்களில் பயிர்க் காப்பீட்டுக்காக நடக்கும் அறுவடைப் பரிசோதனையின்போது விவசாயிகள் வரப்பில் நின்று, எந்த இடத்தில் கயிறு கட்டுகிறார்கள் என்று கவனிப்பது இதனால்தான் நியாயமானது. அப்படி அறுக்கும் சில துண்டுகளின் எடையை வைத்து ஊர் முழுவதற்கும் இழப்பீடு முடிவாகிறது.

மனிதர்களை ஆராயும்போது இந்தச் சாய்வு பூட்டிய கதவுகளில் வருகிறது. குலுக்கலில் வந்த வீட்டில் பகல் பதினொரு மணிக்கு ஆள் இல்லை. கணவனும் மனைவியும் வேலைக்குப் போயிருக்கிறார்கள். களப்பணியாளர் அன்றைக்குப் பதினைந்து வீடு முடிக்க வேண்டும். பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார், பேசவும் ஆர்வமாக இருக்கிறார். அவரிடம் படிவத்தை நிரப்பிவிட்டால் எண்ணிக்கை சரியாகிவிடும். ஆனால் வேலைக்குப் போகிறவர் ஒருவர் கணக்கிலிருந்து மறைந்து, வீட்டில் இருப்பவர் ஒருவர் கூடிவிட்டார். நூறு இடத்தில் இப்படி நடந்தால் அந்த நகரத்தில் வேலையில்லாதவர்கள் பெருகிவிடுவார்கள். வசதியான குடியிருப்புகளிலோ காவலாளியைத் தாண்டி உள்ளே போகவே முடியாது. குடிசைப் பகுதியில் நின்று நிதானமாகப் பதில் சொல்கிறார்கள், கோபுர வீடுகளில் இன்டர்காமிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். நல்ல ஆய்வுகள் ஒரே வீட்டுக்கு மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையும் திரும்பத் திரும்பப் போகச் சொல்வது இதனால்தான். ஓர் ஆய்வறிக்கையில் எத்தனை பேரைப் பார்த்தார்கள் என்பதைவிட, எத்தனை பேரைப் பார்க்கப் போய்ப் பார்க்க முடியவில்லை என்பதை நான் முதலில் தேடுவேன். அந்த எண்ணை வெளியிடாத கருத்துக்கணிப்பை, தேர்தல் நேரத்தில் வருவதானாலும் வேறு எதுவானாலும், ஒதுக்கிவிடலாம்.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொன்று இருக்கிறது: பட்டியல். குலுக்கல் போட ஒரு பட்டியல் வேண்டும். பட்டியலில் இல்லாதவருக்கு வாய்ப்பு பூஜ்யம். எவ்வளவு நேர்மையாகக் குலுக்கினாலும் அவர் வரப்போவதில்லை. கிராமங்களுக்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஊர்ப் பட்டியல்தான் ஆதாரம். நகரங்களுக்குத் தேசிய மாதிரி ஆய்வு, தெருக்களை ஏறத்தாழ 80 முதல் 200 வீடுகள் வரை உள்ள தொகுதிகளாகப் பிரித்து, வரைபடத்தோடு தனிப் பட்டியல் வைத்திருக்கிறது. எந்த அடுக்குக்கு எவ்வளவு எடை கொடுப்பது என்பதற்கும் கணக்கெடுப்பையே நம்ப வேண்டியிருக்கிறது. இந்தியாவில் கடைசியாக அந்தக் கணக்கெடுப்பு நடந்தது 2011இல். 2021இல் நடந்திருக்க வேண்டியது நடக்கவில்லை.

2011இல் புனே மாநகராட்சியின் மக்கள்தொகை 31 லட்சத்து 24 ஆயிரம். அதன் பிறகு 2017இல் 11 கிராமங்களும் 2021இல் 23 கிராமங்களும் மாநகராட்சியோடு இணைக்கப்பட்டன. 2011இல் கரும்பும் சோளமும் நின்ற மண்ணில் இன்று இருபது மாடிக் கட்டடங்களும், அவற்றைக் கட்ட விதர்பாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களின் தகரக் கொட்டகைகளும் நிற்கின்றன. அந்தக் கொட்டகை எந்தப் பட்டியலிலும் இல்லை. கட்டடம் முடிந்ததும் அது அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிடும். சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையிலும், கோவையின் புறநகரிலும், திருப்பூரின் தொழிலாளர் விடுதிகளிலும் இதே கதை. பதினைந்து ஆண்டு பழைய பட்டியலை வைத்துக்கொண்டு எடுக்கும் மாதிரி, பதினைந்து ஆண்டுக்கு முந்தைய ஊரை நோக்கிச் சாய்ந்திருக்கும். ரேஷன் ஒதுக்கீடு, பள்ளி, மருத்துவமனை, வறுமைக் கணக்கு எல்லாம் அந்தச் சாய்வைச் சுமந்துகொண்டுதான் வருகின்றன.

அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 குறிப்பு நாளாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. வீட்டுப் பட்டியல் தயாரிப்பு அதற்கு முந்தைய கட்டம். கணக்கெடுப்பாளர் பெரும்பாலும் உங்கள் ஊர்ப் பள்ளி ஆசிரியராகவே இருப்பார். அவர் உங்கள் வாசலுக்கு வரும்போது உட்காரவைத்து எல்லாக் கேள்விகளுக்கும் பதில் சொல்லுங்கள். மாடியில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கும் வெளியூர்ப் பையன்களையும், பின்கட்டில் தங்கியிருக்கும் வேலைக்காரக் குடும்பத்தையும், எதிரே கட்டடம் எழும் இடத்தில் கொட்டகையில் இருப்பவர்களையும் அவருக்குக் காட்டுங்கள்.